சதுர அடி ரேட்டுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மாமனார் கொடுத்த 5 சென்டில் 1,100 சதுர அடிக்குத் தரைத்தள வீடு கட்டப்போகிறோம். பேங்க் லோன் 15 லட்சம், மீதி கைக்காசும் நகையும். கணவரின் தாய்மாமன் மகன் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். மெட்டீரியலோடு சதுர அடி 2,300 ரூபாய் கேட்கிறார். தர்மபுரியில் இருந்து வந்து பார்த்த இன்னொருவர் 2,050 சொல்கிறார். சொந்தக்காரர் முதலில் 5 லட்சம் அட்வான்ஸ், பேஸ்மென்டுக்கு 5, லிண்டலுக்கு 6, ரூஃப் கான்கிரீட்டுக்கு 6, மீதி கடைசியில் என்கிறார். எழுதிக்கொள்ளலாமா அண்ணா என்றேன். "நமக்குள்ள எதுக்கும்மா எழுத்து" என்று சிரித்துவிட்டார். இவரிடம் ரேட்டை எவ்வளவு குறைக்கலாம்? இல்லை, 2,050-க்கே போய்விடலாமா? கான்ட்ராக்டே வேண்டாம், சாமான் நாமே வாங்கி லேபருக்கு விடலாம் என்கிறார் மாமனார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரிக்கு வணக்கம். எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்கிறீர்கள். உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். தக்காளி மண்டியில் பெட்டி 300 ரூபாய் என்று ஒருவர் சொன்னால், பெட்டி எத்தனை கிலோ என்று கேட்காமல் பேரத்தில் இறங்குவீர்களா? 2,300, 2,050 இரண்டும் பெட்டி விலைதான். இரண்டு பேர் பெட்டியும் ஒரே அளவா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அநேகமாக அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் பரப்பளவு. 1,100 சதுர அடி என்பது உங்கள் பிளானில் உள்ள கணக்கு. கான்ட்ராக்டர் பில் போடும்போது எதையெல்லாம் அளப்பார்? போர்டிகோ, மொட்டை மாடியில் படிக்கட்டு ஏறி நிற்கும் ஹெட் ரூம் இரண்டும் தகராறுக்கென்றே பிறந்தவை. சிலர் போர்டிகோவுக்குப் பாதி ரேட் போடுவார்கள், சிலர் முழு ரேட், சிலர் சேர்ப்பதே இல்லை. 2,050 சொன்னவர் 120 சதுர அடி போர்டிகோவையும் 80 சதுர அடி ஹெட் ரூமையும் முழு ரேட்டில் அளப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,300 சதுர அடிக்கு 26,65,000 ரூபாய் ஆகிறது. சொந்தக்காரர் இந்த இரண்டையும் ரேட்டுக்குள்ளேயே முடித்துக் கொடுப்பவர் என்றால் 1,100-க்கு 25,30,000. மலிவு என்று நினைத்த ஆள் 1,35,000 அதிகம்! அதற்கு மேல் செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு, மாடியில் தட்டு ஓடு, கைப்பிடிச் சுவர், படிக்கட்டுக்குக் கிரானைட் என்று "அது தனிங்க" பட்டியல் ஒன்று இருக்கும். இருவரிடமும் கேளுங்கள்: பூஜை போடும் நாளில் இருந்து சாவி கொடுக்கும் நாள் வரை மொத்தம் எத்தனை ரூபாய், அதில் எது எது சேரவில்லை? சேராதவற்றின் பட்டியலைத் தயங்காமல் கொடுப்பவர் யாரோ, அவர்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

இனி நம் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கதி: பாறை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் மேலே செம்மண்ணாக இருக்கும், இரண்டடி தோண்டினால் கடப்பாறை டங்கென்று நிற்கும். அதே மனையில் இன்னொரு மூலையில் ஆறடி போனாலும் மண் பொலபொலவென்று வரும். ஒப்பந்தத்தில் எல்லாரும் "கடைக்கால் ஆழம் 5 அடி" என்று ஒரு வரி எழுதி விட்டுவிடுவார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில், காவேரிப்பட்டணத்தில் என் சித்தப்பா வீட்டு ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன். தென்மேற்கு மூலையில் இரண்டடியில் பாறை, எதிர் மூலையில் ஆறரை அடி வரை இளகிய மண். மேஸ்திரி பாறை உடைக்கத் தனிக்காசு கேட்டார், கூடுதல் ஆழத்துக்கும் கேட்டார். பாறை வந்த பக்கம் தோண்டாமல் மிச்சமான வேலையைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. சித்தப்பாவோ ஒரு பைசா தர மாட்டேன் என்றார். மூன்று வாரம் குழி திறந்தே கிடந்தது. ஐப்பசி மழை பெய்து கரை சரிந்து, தோண்டிய மண்ணெல்லாம் மறுபடி உள்ளே. மேஸ்திரியும் கெட்டவர் இல்லை, சித்தப்பாவும் கஞ்சன் இல்லை. என் வரிதான் மொட்டையாக இருந்தது.

அதனால் ஆழத்தை இப்படி எழுதச் சொல்லுங்கள்: கணக்கு 5 அடிக்கு. அதற்கு மேல் போனால் கன அடிக்கு இவ்வளவு கூடுதல், குறைந்தால் அதே விலையில் கழிவு. பாறை உடைக்க வேண்டி வந்தால் பிரேக்கர் வண்டிக்கு மணி வாடகை யார் பொறுப்பு, கன அடிக் கணக்கா மணிக் கணக்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உடைக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. தரையோடு ஓடுகிற பலமான பாறை என்றால் மேல்பகுதியைச் சமப்படுத்தி, துளை போட்டுக் கம்பி நட்டு, அதன்மேலேயே கட்டடத்தை எழுப்பலாம். தனியாகக் கிடக்கும் உருண்டைக் கல் என்றால் அதை நம்பித் தூண் வைக்கக் கூடாது. வீட்டின் ஒரு பாதி பாறையிலும் மறுபாதி மண்ணிலும் உட்கார்ந்தால், மண் பக்கம் மட்டும் இறங்கிச் சுவரில் சாய்வாக வெடிப்பு விழும். இதை முடிவு செய்ய வேண்டியவர் இன்ஜினியர். பொக்லைன் ஓட்டுகிறவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இன்ஜினியர் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கையில் இருப்பது அனுமதிக்கான பிளான் மட்டும்தானே? 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்தால், 2024 ஜூலையில் வந்த சுயசான்று திட்டத்தில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி, நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். ஆனால் அந்தப் பிளானில் அறை அளவு இருக்குமே தவிர, தூணில் எத்தனை கம்பி, எந்த மி.மீ., ரூஃபில் கம்பி எத்தனை அங்குல இடைவெளி என்று இருக்காது. அதற்கு ஸ்ட்ரக்சுரல் டிராயிங் தனியாகப் போட வேண்டும். அது இல்லாத வீட்டில் கம்பி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லையே. கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத இன்ஜினியர் ஒருவரிடம் டிராயிங் வாங்குங்கள். கடைக்கால், பெல்ட் (தரை மட்டத்தில் ஓடும் கான்கிரீட் பட்டை), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் பட்டை), ரூஃப் என்று கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் வந்து கம்பியைப் பார்த்துப் போக அவருக்கு ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். உங்கள் 25 லட்சத்தில் அது பெரிய காசு இல்லை. நீங்கள் ரேட்டில் 50 ரூபாய் குறைத்தால் மிச்சமாவது 55,000. அந்த 55,000-ஐ அவர் எதிலாவது எடுத்துவிடுவார். எதில் எடுத்தார் என்பதைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் உங்கள் பக்கம் வேண்டும்.

மாமனார் சொல்லும் லேபர் கான்ட்ராக்ட் கணக்குப்படி மலிவுதான். தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் ஜிஎஸ்டியும் கிடையாது. சாமானோடு சேர்த்து ஜிஎஸ்டி பதிவுள்ள கான்ட்ராக்டர் செய்தால் 18 சதவீதம் உண்டு. ஆகவே பேசும் ரேட் "வரி உட்பட" என்று எழுத மறக்காதீர்கள். ஆனாலும் உங்கள் வீட்டு நிலைமைக்கு லேபர் கான்ட்ராக்டை நான் சொல்ல மாட்டேன். எம் சாண்ட் லோடு ராத்திரி பத்து மணிக்கு வரும், யூனிட்டுக்கு 100 கன அடி இருக்கிறதா என்று வண்டியில் ஏறி டேப் பிடிக்க ஆள் வேண்டும். சிமெண்ட் மூட்டையை எண்ண வேண்டும், நனையாமல் பார்க்க வேண்டும், கம்பி தீர்ந்தால் அன்றே வாங்கி வர வேண்டும். கணவர் ஓசூரில், நீங்கள் தையல் மிஷினில். மாமனாருக்கு வெயிலில் நிற்கிற உடம்பு இருந்தால் யோசிக்கலாம்.

அப்புறம் சாமான். "முதல் தரம்", "நல்ல கம்பெனி" என்ற வார்த்தைகள் ஒப்பந்தத்தில் எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள், அவற்றுக்கு அர்த்தம் கிடையாது. கம்பி எந்தக் கம்பெனி, பலத்தைக் குறிக்கும் தரம் எஃப்இ 500டி-யா 550டி-யா. சிமெண்ட் எந்தக் கம்பெனி. ரூஃப் கான்கிரீட்டின் பலம் எம்20 என்ற தரத்துக்குக் குறையக் கூடாது. சுவர் சேம்பர் செங்கல்லா, மேட்டூர்ப் பக்கம் இருந்து வரும் ஃபிளை ஆஷ் கல்லா, ஹாலோ பிளாக்கா என்பதையும் எழுதுங்கள். எதுவானாலும் கட்டலாம், விலை மட்டும் ஒன்றல்ல. டைல்ஸ், பாத்ரூம் சாமான், தலைவாசல் கதவு ஆகியவற்றுக்குப் பெயரைவிட விலை வரம்பு எழுதுவது நல்லது. டைல்ஸ் சதுர அடி 50 ரூபாய் வரை அவர் பொறுப்பு என்று எழுதி, நீங்கள் கடையில் 70 ரூபாய் டைல்ஸைப் பிடித்துவிட்டால் 20 ரூபாய் மட்டும் உங்கள் கணக்கு. ஒட்டுக்கூலி மாறாது. கடையில் பெண்கள் கண் எங்கே போகும் என்று கான்ட்ராக்டர்களுக்குத் தெரியும் என்று என் மனைவி சொல்வாள். என் அனுபவத்தில் விலை உயர்ந்த டைல்ஸுக்கு மயங்குகிறவர்கள் ஆண்கள்தான். கரண்டுக்கு எத்தனை பாயின்ட் என்று அறை வாரியாக எண்ணி எழுதுங்கள். ஏசி பாயின்ட், இன்வெர்ட்டர் ஒயர், உங்கள் தையல் மிஷினுக்கு ஒரு பவர் பிளக் எல்லாம் இப்போதே சேரட்டும்.

பணம் கொடுக்கும் வரிசைதான் உங்கள் கடிதத்தில் எனக்கு ஆகாத இடம். 2,300 ரேட்டைவிட இதுதான் ஆபத்து. அவர் கேட்டபடி கொடுத்தால் ரூஃப் போட்டு முடிக்கும்போது 22 லட்சம் போயிருக்கும், 25,30,000-ல் இது 87 சதவீதம். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன இருக்கும்? பூச்சில்லாத சுவரும் ஒரு ரூஃபும். என் கணக்கில் அந்த வேலையின் மதிப்பு மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல். பூச்சு, கதவு, ஜன்னல், டைல்ஸ், ஒயரிங், பைப், பெயின்ட் எல்லாம் பாக்கி. அவர் கையில் வர வேண்டியதோ 3,30,000 மட்டும். அண்ணன் நேர்மையானவராகவே இருக்கட்டும். ரூஃப் முடிந்த வாரம் பெங்களூருவில் இரட்டைக் கூலிக்கு ஆள் கேட்டால் அவருடைய மேஸ்திரியும் சித்தாளும் பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டி வர அவருக்கு என்ன அவசரம் இருக்கிறது?

நான் எழுதினால் இப்படி இருக்கும். அட்வான்ஸ் 1,25,000. பேஸ்மென்ட் முடிந்து மண் நிரப்பிய பிறகு 3,75,000. லிண்டல் மட்டத்தில் 4,25,000. ரூஃப் கான்கிரீட்டுக்கு 4,75,000. இதுவரை 14 லட்சம். பூச்சு முடிந்ததும் 4 லட்சம், டைல்ஸும் கதவு ஜன்னலும் முடிந்ததும் 3,80,000, பெயின்டும் கரண்டு வேலையும் முடிந்ததும் 2,20,000. கையில் 1,30,000 நிற்கும். சாவி கொடுக்கும்போது அதில் பாதி, ஒரு மழைக்காலம் தாண்டி ரூஃப் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு மீதிப் பாதி. இந்தக் கடைசி 65,000-க்கு அவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூடிப் போனால் ரேட்டில் 20 ரூபாய் ஏற்றிக் கொடுத்துக்கூட இதை வாங்கலாம்.

கைமுதல் இல்லாமல் கம்பி எப்படி இறக்குவது என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. ரூஃபுக்கு முன் கம்பிக்கும் சிமெண்டுக்கும் பெரிய தொகை வேண்டும். அப்போது கடைக்கு நீங்களே பேங்க் மூலம் நேராகக் கட்டுங்கள், பில்லை அந்தக் கட்டத்துத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள். அவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அது அவருடைய வேறொரு சைட்டின் சம்பள பாக்கிக்குப் போகலாம். பேங்க் லோனும் கட்டம் கட்டமாகத்தான் வரும், முதலில் உங்கள் பங்கைப் போடச் சொல்வார்கள். மேனேஜரிடம் அந்தக் கட்டங்களை எழுதி வாங்கி வந்து, ஒப்பந்தத்தின் கட்டங்களோடு பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் நடுவில் வட்டிக்கு வாங்கத்தான் ஓட வேண்டும்.

விலை ஏற்றத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் கையில் வைத்திருங்கள். இந்த மாதிரி வீட்டுக்குச் சதுர அடிக்குச் சுமார் மூன்றரைக் கிலோ கம்பி, 0.4 மூட்டை சிமெண்ட் என்பது நாங்கள் போடும் குத்துமதிப்பு. உங்களுக்கு 3,850 கிலோவும் 440 மூட்டையும். கம்பி கிலோவுக்கு 10 ரூபாயும் சிமெண்ட் மூட்டைக்கு 30 ரூபாயும் ஏறினால் மொத்தம் கூடுவது 51,700 ரூபாய். "விலையெல்லாம் ஏறிப்போச்சு, ரெண்டு லட்சம் சேர்த்துக் கொடுங்க" என்று பாதியில் வந்து நின்றால், காகிதத்தை எடுத்துப் போட்டுக் காட்டலாம். கையெழுத்திடும் நாளில் கம்பி, சிமெண்ட் விலை இவ்வளவு என்று எழுதி, பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் பில்படி என்று சேருங்கள். இறங்கவும் செய்யும்: 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது.

மற்றவை சின்ன விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் யார் பொறுப்பு என்று எழுதுங்கள், நம் பக்கம் கோடையில் டேங்கர் செலவு கண்ணைக் கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஒரு பாட்டில் சோதனைக்குக் கொடுங்கள், கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தற்காலிகக் கரண்டு பில் யாருடையது? ரூஃபுக்கு அடியில் முட்டு எத்தனை நாள்? நாலரை மீட்டருக்குள் அகலம் என்றால் குறைந்தது 7 நாள், பீமுக்கு அதைவிட அதிகம். சென்ட்ரிங் வாடகைக்காக அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். ரூஃப் மேல் தண்ணீர் கட்டி நிறுத்துவதைக் குறைந்தது 10 நாள் என்று எழுதிவிடுங்கள். வேலை எத்தனை மாதம், தாமதமானால் வாரத்துக்கு எவ்வளவு பிடித்தம் என்பதும் வேண்டும். வசூலிக்க முடிகிற சின்னத் தொகையாகப் போடுங்கள், வாரம் 3,000 போதும். நீங்கள் பணம் தர லேட்டானால் அவருக்கும் அத்தனை நாள் கூடுதல் உண்டு என்பதையும் கூடவே எழுதுவதுதான் முறை. நிலை வைக்கும் நாளில் மேஸ்திரிக்கு வேட்டி துண்டு, ரூஃப் அன்று ஆட்களுக்குப் பிரியாணி இவையெல்லாம் எப்போதும் வீட்டுக்காரர் செலவுதான். அதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

இனி அந்த "நமக்குள்ள எதுக்கு எழுத்து". உங்கள் தர்மசங்கடம் புரிகிறது. உங்கள் கணவருக்கு மச்சான், உங்களுக்கு அண்ணன் முறை. நாளைக்குக் கல்யாணம், காதுகுத்து என்று ஒரே பந்தியில் உட்கார வேண்டும். எழுதுவது கேஸ் போடவா என்றால், அப்படியும் ஆகலாம்: வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான், குறை இருந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் நீங்கள் போக மாட்டீர்கள், எனக்குத் தெரியும். சொந்தத்தில் கேஸ் போட்டு வீடு கட்டி முடித்தவரை நான் பார்த்ததில்லை. எட்டு மாதம் கழித்து, "ஹெட் ரூம் தனின்னு சொன்னேனே" என்று அவரும் "சொல்லவே இல்லையே" என்று நீங்களும் நிற்கும்போது இரண்டு பேருமே உண்மையாகத்தான் பேசுவீர்கள். அந்த இடத்தில் எடுத்துப் பார்க்க ஒரு காகிதம் இருந்தால் பேச்சு முறியாது.

அவரிடம் நீங்கள் தனியாகப் போகாதீர்கள். கணவர் லீவில் வரும் ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போய், "அண்ணா, லோனுக்கு பேங்க்ல எஸ்டிமேட்டும் அக்ரிமென்ட்டும் கேக்கறாங்க, நீங்களே உங்க வாயால சொல்லுங்க, நாங்க எழுதிக்கறோம்" என்று ஆரம்பியுங்கள். இது பொய்யும் இல்லை, பேங்க் எஸ்டிமேட் கேட்கும், பெரும்பாலும் ஒப்பந்தமும் கேட்கும். ஒரு நோட்டில் மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவர் பதிலை எழுதுங்கள். எழுத எழுத அவரே "இது தனி, இது சேர்த்தி" என்று பிரித்துச் சொல்லிவிடுவார். பிறகு முத்திரைத்தாளில் அடித்து, டிராயிங்கையும் பின்னால் சேர்த்து, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்து. நடுவில் நீங்கள் ஏதாவது மாற்றச் சொன்னால், அன்றே வாட்ஸ்அப்பில் "சமையலறை மேடை ரெண்டு அடி நீளம் கூடுதல், 4,000 ரூபாய், சரியா அண்ணா?" என்று ஒரு வரி போட்டு அவர் "சரி" வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தைக் கேட்டால், சேராதவற்றின் பட்டியலைப் பார்க்காமல் 2,050-க்குப் போக வேண்டாம். பணம் கொடுக்கும் வரிசையை அண்ணன் ஒப்புக்கொண்டால் 2,300-லேயே அவருக்குக் கொடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் 2,000-க்கு இறங்கி வந்தாலும் வேண்டாம்.

கையெழுத்துக்கு முன் ஒரு வேலை பாக்கி. பொக்லைன் வண்டியை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, வீடு வரும் இடத்தின் நான்கு மூலையிலும் ஐந்தடி ஆழக் குழி போடச் சொல்லுங்கள். அண்ணனையும் கூட நிற்க வையுங்கள். எத்தனையாவது அடியில் மண் மாறுகிறது, எங்கே பாறை தட்டுகிறது என்று டேப்பை உள்ளே விட்டு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதுவரை ஒப்பந்தத்தில் ஆழம் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு வையுங்கள்.